நடிக்கத் தெரியாதவர்களை வைத்து ஒரு குறும்படம்: சென்னை மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கோ, போட்டிக்கோ, வெறும் ஆசைக்கோ குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்கள் முதலில் விசாரிப்பது கேமராவை. எந்த மாடல், எந்த லென்ஸ், வடபழனியில் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று ஒரு வாரம் ஓடிவிடும். படம் முடிந்து திரையில் ஓடும்போது பார்க்கிறவர்கள் நெளிவதற்குக் காரணம் வேறு: நடிக்கிறவர் வசனத்தை ஒப்பிக்கிறார், அதுவும் பாதி காதில் விழவில்லை.

முதல் தடவை கேமரா முன் நிற்கிறவருக்கு நடிப்பு வராது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். அவருக்கு என்ன வரும் என்று பார்த்து அதைச் சுற்றிக் கதை, இடம், ஷாட், நேரம் எல்லாவற்றையும் அமைத்தால் அவர் நடிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. கீழே வருவதெல்லாம் அந்த ஒரு வேலைக்கான வழிமுறைதான்.

கதைக்கு முன்னால் ஆட்கள்

ஸ்கிரிப்ட்டை முடித்துவிட்டு ஆள் தேடுவதுதான் வழக்கம். தேர்ந்த நடிகர்கள் கிடைக்கும் இடத்தில் அது சரி. உங்களுக்குக் கிடைக்கப்போவது பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ஹாஸ்டல் ரூம்மேட், அவனுடைய மாமா, தெருமுனை டீ மாஸ்டர். எனவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு நோட்டில் இரண்டு பட்டியல்: கேட்டால் இரண்டு நாள் வரக்கூடிய மனிதர்கள், காசில்லாமல் நுழையக்கூடிய இடங்கள். கதை இந்த இரண்டுக்குள்ளிருந்து வரட்டும்.

போலீஸ் ஸ்டேஷன், ஐசியு, கோர்ட், எண்பதுகளின் கிராமம் எதுவும் வேண்டாம். பத்தொன்பது வயதுப் பையனுக்குக் காதோரம் பவுடர் அடித்து அப்பாவாக்குவது கண்டிப்பாக வேண்டாம். அப்பா வேடத்துக்கு ஆளில்லை என்றால் அப்பா இல்லாத கதையை எழுதுங்கள்.

நீளம் ஐந்திலிருந்து ஏழு நிமிடம் போதும். சரியான வடிவத்தில் எழுதிய திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது நெடுநாள் கணக்கு. அப்படியானால் ஏழு பக்கம். பேசும் பாத்திரங்கள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. கதை ஒரே நாளில் நடந்தால் ஒரே உடை, கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் பார்ப்பது) தலைவலியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அபார்ட்மென்ட் வாசலில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர். தேய்க்க எடுத்த ஒரு சட்டையின் பையில் அடகுக் கடை ரசீது இருக்கிறது. சட்டை இரண்டாவது மாடிப் பையனுடையது. ரசீதில் இருப்பது அவன் அம்மாவின் வளையல். துணி வாங்க அம்மாவே கீழே இறங்கி வருகிறார். ரசீதை அவரிடம் கொடுப்பதா, பையன் வரும்வரை வைத்திருப்பதா? மூன்று பேர், ஒரு மரநிழல், ஒரு வண்டி. யாரும் அழ வேண்டாம், கத்த வேண்டாம். இஸ்திரிக்காரருக்குக் கை நிறைய வேலை இருக்கிறது, மற்ற இருவருக்கும் அங்கே நிற்கக் காரணம் இருக்கிறது.

கை வேலை முக்கியம். புதியவர்களுக்குக் கேமரா முன் மிகப் பெரிய பிரச்சினையே கைகளை எங்கே வைப்பது என்பதுதான். முருங்கைக்கீரை ஆய்கிறவர், பூ கட்டுகிறவர், சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர் பேசும்போது குரல் தானாக இயல்புக்கு வரும். சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்து உறவைப் பற்றிப் பேசும் காட்சியைப் புதியவர்களிடம் கொடுப்பது அவர்களைத் தண்டிப்பது போல.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஆடிஷன் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் வருகிறவர் ஏதாவது ஹீரோவின் வசனத்தைப் பேசிக் காட்டுவார், அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்து, போனை ஸ்டாண்டில் வைத்து, பதிவாகிறது என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசுங்கள். வண்டியை டோ பண்ணிக்கொண்டு போன கதை, வீட்டு ஓனரோடு தண்ணீர்ச் சண்டை, 2015 வெள்ளத்தின்போது எங்கே இருந்தார் என்று எதையாவது கேளுங்கள். சென்னைக்காரர் யாருக்கும் இந்த மூன்றில் ஒன்றாவது சொல்ல இருக்கும்.

பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு அந்தப் பதிவைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கேமராவை மறந்தாரா? நீங்கள் பேசும்போது அவர் முகம் என்ன செய்கிறது? இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். பேசத் தெரிந்தவர் ஊரெல்லாம் கிடைப்பார், கேட்கத் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம். உங்கள் படத்தில் கடைசியில் நிற்கப்போவது கேட்கும் முகங்கள்தான்.

கல்சுரல்ஸ் மேடையில் கைதட்டு வாங்கிய நண்பனை யோசித்துச் சேருங்கள். அவன் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவன், மூன்றடி தூரத்தில் இருக்கும் மைக் அதைத் தாங்காது. அதற்காக நாடகக்காரர்களே வேண்டாம் என்று பொருளில்லை. நா. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழியில் பயிற்சி பெற்றவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இன்னும் பல சிறு குழுக்களும் இயங்குகின்றன. அப்படி ஒருவர் கிடைத்தால் காட்சியை நகர்த்தும் பாத்திரத்தை அவருக்குக் கொடுங்கள். நம் கதையில் அது அம்மா. கேள்வி கேட்பது, பேச்சைத் திருப்புவது, இடையில் ஓட்டை விழுந்தால் அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இஸ்திரிக்காரர் பதில் சொன்னால் போதும்.

ஆள் முடிவானதும் தேதியை உறுதி செய்யுங்கள். நடிக்கிறவர் பெண் என்றால் வீட்டில் நேரில் போய்ப் பேசுங்கள்: யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும், திரும்ப யார் கொண்டுவந்து விடுவார்கள், உடை மாற்ற எங்கே இடம். குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது படப்பிடிப்பு முழுக்க இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் தமிழில் சம்மதக் கடிதம் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். யூடியூபில் வரும், விழாக்களுக்குப் போகும் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். இதை முதல் நாள் காலையில் நீட்டாதீர்கள், முந்தைய வாரமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

குழந்தைகளை நடிக்க வைப்பதாக இருந்தால் சட்டம் இருக்கிறது. குழந்தைக் கலைஞர்கள் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறுவதும் விதிகளில் உண்டு. முதல் படத்தில் குழந்தைகள் வேண்டாம் என்பது என் கட்சி.

வசனம் அவர்கள் வாயில் பிறக்கட்டும்

எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால் புதியவர் அடுத்த வார்த்தை எது என்று தேடிக்கொண்டே பேசுவார். கண்ணில் அது அப்படியே தெரியும். அதற்குப் பதில் காட்சியை வாயால் சொல்லுங்கள். “அண்ணே, ரசீது உங்க கையில இருக்கு. அந்தம்மா எதிர்ல நிக்கிறாங்க. நீங்க என்ன சொல்வீங்க?” அவர் சொல்வதைப் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து அதிலிருந்து வசனத்தைத் திருத்தி எழுதுங்கள். நீங்கள் நாலு வரியில் எழுதியதை அவர் “அயர்ன் இன்னும் ஆவலமா, அப்புறம் வாங்க” என்று முடித்துவிடுவார். அதுதான் வசனம்.

மொழியில் பொய் வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து வந்து ஆவடியில் இருக்கிறவரை மெட்ராஸ் பாஷை பேச வைக்காதீர்கள், அது காமெடி டிராக் ஆகிவிடும். அவர் தன் ஊர்ப் பேச்சோடே இருக்கட்டும். சென்னையில் இஸ்திரி போடுகிறவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

ஒத்திகை

பணம் இல்லாதவர்களிடம் இருக்கும் ஒரே சொத்து நேரம். அதை ஒத்திகையில் போடுங்கள். மூன்று அமர்வு வைத்தால் நல்லது.

முதல் அமர்வில் ஸ்கிரிப்ட்டைத் தொடவே வேண்டாம். நடிக்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகட்டும். அம்மாவும் மகனுமாக நடிக்கப்போகிற இருவரும் சேர்ந்து கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வீட்டுக்குத் தேவையான காய்கறி வாங்கி வரட்டும். யார் பையைத் தூக்குகிறார், யார் பேரம் பேசுகிறார் என்பதிலேயே உறவு உருவாகிவிடும். கூடவே போய்க் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதில் காட்சியைப் பேச்சாக ஓட்டிப் பாருங்கள். இங்கே ஒரு தந்திரம் உண்டு. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, மற்றவருக்குத் தெரியாமல், ஒரு நோக்கத்தைக் கொடுங்கள். அம்மாவிடம்: “பையன் ஏதோ மறைக்கிறான்னு உங்களுக்குச் சந்தேகம். இவருக்குத் தெரியுமான்னு தோண்டிப் பாருங்க.” இஸ்திரிக்காரரிடம்: “அவங்க சீக்கிரம் மாடிக்குப் போயிடணும், அவ்வளவுதான்.” சோகமாக இரு, பதற்றமாக இரு என்று சொல்லவே வேண்டாம். ஒருவர் தோண்டுகிறார், இன்னொருவர் துரத்துகிறார், பதற்றம் தானாக வரும். உணர்ச்சியின் பெயரைச் சொன்னால் புதியவர் அந்தப் பெயருக்குரிய முகத்தை வைத்துக்கொள்வார். செய்ய வேண்டியதைச் சொன்னால் செய்வார்.

மூன்றாவது அமர்வு படம் எடுக்கப்போகிற இடத்தில், உண்மையான பொருட்களோடு, படம் எடுக்கப்போகிற அதே நேரத்தில். எங்கே நிற்பது, எந்த வார்த்தையில் திரும்புவது, இஸ்திரிப் பெட்டியை எப்போது நிமிர்த்தி வைப்பது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். போனில் எல்லா ஷாட்டையும் எடுத்து இரவே கோர்த்துப் பாருங்கள். ஷாட் டிவிஷனில் (காட்சியை எந்தெந்த ஷாட்டாகப் பிரிப்பது என்ற பட்டியலில்) பாதி தேவையில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ரசீதை நீட்டுகிற அந்தக் கணத்தை மட்டும் ஒத்திகை பார்க்காதீர்கள். புதியவர்களிடம் அது ஒரு முறைதான் புதிதாக வரும், அந்த ஒரு முறை கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பணம்

எட்டுப் பேர், இரண்டு நாள், பதினைந்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நான் இப்படிப் பிரிப்பேன்: சாப்பாட்டுக்கு 4,000, சத்தத்துக்கு 3,000, போக்குவரத்துக்கு 2,000, நடிக்கிறவர்களுக்கு 2,000, உடை மற்றும் பொருட்களுக்கு 1,500, விளக்கு சமாச்சாரத்துக்கு 1,000, கையிருப்பாக 1,500. கேமராவுக்கு ஒன்றுமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். குழுவில் யாரிடமாவது ஒரு நல்ல போனோ கல்லூரிக் கேமராவோ இருக்கும்.

சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். நேரத்துக்கு இட்லி, பதினொரு மணிக்கு டீ, சரியாக ஒரு மணிக்குச் சாப்பாடு, நான்கு மணிக்கு பஜ்ஜி என்று ஓடினால் சம்பளம் வாங்காதவர்களும் ஏழு மணிவரை முகம் சுளிக்காமல் நிற்பார்கள். நடிக்கிறவர் தினக்கூலிக்காரர் என்றால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே. “ஃப்ரெண்ட்ஷிப்புக்காக வந்தாரு” என்பது மாணவர்களுக்குள் செல்லும், கடையைப் பூட்டிவிட்டு வந்த ஐம்பது வயதுக்காரரிடம் செல்லாது.

இடமும் அனுமதியும்

மெரினா, பெசன்ட் நகர், எலெக்ட்ரிக் ட்ரெயின், மெட்ரோ. மாணவர் படங்களில் பாதி இந்த நாலில் ஒன்றில் நடக்கிறது, பாதி அங்கேயே நின்றும் போகிறது. கடற்கரைக்கும் பூங்காவுக்கும் மாநகராட்சி, சாலைக்குப் போலீஸ், ரயில் நிலையத்துக்குத் தெற்கு ரயில்வே, மெட்ரோவுக்கு அதன் நிறுவனம் என்று தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் இருக்கும். ட்ரைபாடை விரித்த இரண்டாவது நிமிடம் யாராவது வந்து கேட்பார்கள். அனுமதி இல்லாமல் ஒளிந்து எடுக்கும் பதற்றத்தில் நீங்கள் வேலை செய்துவிடலாம், உங்கள் புது நடிகரால் முடியாது. ட்ரோன் ஆசையையும் விட்டுவிடுங்கள். மீனம்பாக்கத்தில் விமான நிலையம், தாம்பரத்தில் விமானப்படைத் தளம், இடையில் உங்கள் தலை மேல் கட்டுப்பாடுகள்.

தனியார் இடம்தான் நமக்கு. நம் இஸ்திரி வண்டியைத் தெருவில் நிறுத்தாமல் அபார்ட்மென்ட் காம்பவுண்டுக்குள் மரத்தடியில் நிறுத்தினால் அசோசியேஷன் செக்ரட்டரி ஒருவரிடம் பேசினால் போதும். கல்லூரி லெட்டர்பேடில் துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். வாட்ச்மேனிடமும் தனியாகச் சொல்லிவையுங்கள். அன்றைக்கு உங்கள் படத்தைக் காப்பாற்றப்போவது அவர்தான்.

வெயில், விளக்கு, கேமரா

சென்னை ஏறக்குறைய பதின்மூன்று பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், கண்குழியில் கறுப்பு விழும். மற்ற மாதங்களிலும் பதினொன்றிலிருந்து மூன்று வரை திறந்த வெளியில் முகத்தை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் சாப்பாடு, உள்ளறைக் காட்சிகள், மரநிழல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வெளிப்புறக் காட்சி இருந்தால் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

விளக்குக்குப் பெரிய செட்டப் வேண்டாம். ஜன்னல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப ஒரு தெர்மாகோல் பலகை. சினிமா செட்டிலும் பல வருடங்களாக இதுதான் ஓடியது. புதியவர் கண்ணுக்கு நேரே பளீரென்று லைட் வைத்தால் அவர் வசனத்தை மறப்பது நிச்சயம்.

போனில் எடுத்தால் ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச செயலியில் எல்லாவற்றையும் கையால் அமைக்கலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒன்று என்று வையுங்கள். 30 ஃபிரேமில் அறுபதில் ஒன்று என்று வைத்தால் சில டியூப்லைட்டும் எல்இடியும் திரையில் துடிக்கும். வெளியே வெயிலில் அதே ஷட்டரில் வெளிச்சம் அதிகமாகிவிடும், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை லென்ஸ் முன் மாட்டிக்கொள்ளுங்கள்.

சத்தம்

தமிழ் சினிமா நெடுங்காலம் டப்பிங்கில் வாழ்ந்தது. அதைப் பார்த்து வளர்ந்த மாணவர்கள் “டப்பிங்ல பாத்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். முதல் தடவை நடிக்கிறவரை வைத்துக்கொண்டு அப்படி நினைக்கவே கூடாது. இருட்டு அறையில் தன் உதட்டசைவைப் பார்த்துக்கொண்டே அதே உணர்வோடு பேசுவது தனித் தொழில், தேர்ந்த நடிகர்களே திணறுவார்கள். இஸ்திரிக்காரர் மரத்தடியில் இயல்பாகப் பேசியதை சாலிகிராமத்து ஸ்டுடியோவில் திரும்ப வாங்க முடியாது. லைவ் சவுண்ட், அதாவது படம் எடுக்கும்போதே குரலைப் பதிவு செய்வது, ஒன்றுதான் வழி.

குழுவில் ஒருவருக்கு ஹெட்போனை மாட்டி, அவருக்குச் சத்தத்தைத் தவிர வேறு வேலை கொடுக்காதீர்கள். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிக்குத் தனிப் படிப்பே இருக்கிறது. அங்கே படிக்கும் ஒருவரை நண்பராக்கிக்கொள்வது எந்த லென்ஸையும்விட லாபம். ரெக்கார்டரும் நீளக் கோலில் மாட்டும் பூம் மைக்கும் வாடகைக்கு எடுக்க முடியாவிட்டால், ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக்கைப் பழைய போனில் செருகி நடிக்கிறவர் பைக்குள் போடுங்கள். போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். ஒவ்வொரு ஷாட்டிலும் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு கைதட்டு, எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் அதை வைத்துத்தான் சேர்ப்பீர்கள். காட்டன் உடை நல்லது. பட்டும் பாலியெஸ்டரும் மைக்கில் உரசி உரசிப் பேசும்.

அப்புறம் சென்னை. காக்கா, தண்ணீர் லாரி, குப்பை வண்டியின் பாட்டு, பழைய பேப்பர்காரரின் ரெக்கார்ட் செய்த குரல், மார்கழி என்றால் கோயில் ஒலிபெருக்கி. இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. ஒத்திகைக்குப் போகும்போதே எந்த மணிக்கு எது வருகிறது என்று எழுதிவைத்தால் இடைவெளியில் படம் எடுக்கலாம். கேட்கும் சத்தத்துக்கு மூலம் படத்தில் தெரிந்தால் அது தொல்லையே இல்லை: காக்காவைத் தனியாக ஒரு ஷாட் எடுத்துவிட்டால் அது நம் காக்கா.

வீட்டுக்குள் எடுத்தால் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டும். ஃப்ரிட்ஜை அணைத்தவுடன் உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்ப ஆன் செய்யாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஆன்ட்டி வீட்டு இட்லி மாவு புளித்துப்போனால் அடுத்த படத்துக்கு அந்த வீடு கிடைக்காது.

ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்யுங்கள், வெட்டுக்களை மூட அது வேண்டும். ஒரு வசனத்தின் மேல் ஹாரன் விழுந்துவிட்டால் அந்த ஷாட் முடிந்த கையோடு, நடிக்கிறவர் அதே இடத்தில் நிற்கும்போதே, கேமரா இல்லாமல் வசனத்தை மட்டும் இரண்டு முறை பேசச் சொல்லி வாங்கிவிடுங்கள்.

படப்பிடிப்பு நாள்

முதல் ஷாட் எளிதாக இருக்கட்டும். இஸ்திரிக்காரர் கரியைக் கிளறுகிறார், தண்ணீர் தெளிக்கிறார், துணியை மடிக்கிறார். வசனமே இல்லை. ஒரு மணி நேரத்தில் நாலு ஷாட் முடிந்தால் “இவ்ளோதானா?” என்ற தைரியம் அவருக்கு வரும். கனமான காட்சியைச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தில் வையுங்கள். சாப்பாடானதும் கண் சொருகும், மாலையில் எல்லாருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடும்.

நடித்துக் காட்டாதீர்கள். நம் ஊர் இயக்குநர்களுக்கு இந்தப் பழக்கம் அதிகம். நீங்கள் நடித்துக் காட்டினால் புதியவர் தன் பாத்திரத்தை விட்டுவிட்டு உங்களை நடிப்பார். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம், லைவ் சவுண்டில் அந்தக் குரலும் விழும். மறந்தால் சொந்த வார்த்தையில் பேசட்டும், அதற்காகத்தான் அவர் பேச்சிலிருந்தே எழுதினோம்.

கிளாப், ரோல், ஆக்‌ஷன் என்று சத்தமாகக் கத்துவதைக் கேட்டாலே முதுகு விறைத்துக்கொள்ளும். கேமராவை அமைதியாக ஓடவிட்டு, “நீங்க ரெடியானதும் ஆரம்பிங்கண்ணே” என்றால் போதும். கைதட்டை ஷாட் முடிந்தபின் அடித்துக்கொள்ளலாம். கட் சொல்லவும் அவசரப்படாதீர்கள். வசனம் முடிந்து பத்து விநாடி விட்டுப் பாருங்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் மூச்சு விடுவார், எங்கேயோ பார்ப்பார். படத்தின் மிக நல்ல துண்டுகள் பல நேரம் அந்தப் பத்து விநாடியில் கிடைக்கும்.

தேர்ந்த நடிகருக்கு ஐந்தாவது டேக்கில் சூடு பிடிக்கலாம். புதியவருக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு டேக்தான், அதன்பின் தான் செய்ததையே காப்பியடிக்கத் தொடங்குவார். அதனால் முழு இடமும் தெரியும் வைட் ஷாட்டில் ஆரம்பித்து முகம் மட்டும் தெரியும் க்ளோஸுக்குப் போகும் வழக்கத்தை மாற்றி, சீக்கிரம் சோர்கிறவரின் க்ளோஸை முதலில் எடுங்கள். மூன்றாவது டேக்கிலும் வரவில்லை என்றால் “ஒன் மோர்” சொல்லாதீர்கள். காட்சியை மாற்றுங்கள். கையில் இருக்கும் துணியை மாற்றுங்கள், உட்கார வையுங்கள், பாதி வசனத்தைத் தூக்குங்கள். எதிரில் இருப்பவர் காதில் போய் வேறொரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எதிர்பாராத கேள்விக்கு வரும் பதில் எழுதியதைவிட நன்றாக இருக்கும்.

க்ளோஸ் எடுக்கும்போது எதிரில் பேசுகிறவர் லென்ஸுக்குப் பக்கத்தில் உண்மையாகவே நின்று பேச வேண்டும். உதவி இயக்குநர் முஷ்டியை உயர்த்தி “லுக் இங்க” என்று சொல்லிப் புதியவரிடம் உணர்ச்சியை எதிர்பார்ப்பது அநியாயம்.

வேடிக்கை பார்க்கிறவர்களை அப்புறப்படுத்துங்கள், முக்கியமாக நடிக்கிறவரின் சொந்தக்காரர்களை. அவர்களை மாடியில் உட்காரவைத்து காபி கொடுங்கள். திருத்தம் எதுவாக இருந்தாலும் அருகில் போய்க் காதோடு சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் சொன்னால் அன்றைக்கு அவர் மீள மாட்டார். பாராட்டு குறிப்பாக இருக்கட்டும். “சூப்பர்” என்பதைவிட “அந்தச் சட்டையை மடிக்கும்போது நிறுத்தினீங்களே, அது நல்லா இருந்துச்சு” என்றால் எதை நம்பலாம் என்று அவருக்குப் புரியும். ஆனால் எடுத்ததைப் போட்டுக் காட்டாதீர்கள். தன் குரலையும் தொப்பையையும் திரையில் பார்த்த புதியவர் அடுத்த ஷாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்.

கன்டினியூட்டிக்கு ஒருவர் வேண்டும். எத்தனை சட்டை மடித்தாயிற்று, பெட்டி எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போனில் ஒரு போட்டோ. கை வேலை கொடுத்ததற்கு நாம் கட்டும் வரி இது.

இரவு வீட்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி செய்துவிடுங்கள், ஒரே பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறாதீர்கள். கடைசி நாள் பூசணிக்காய் உடைத்தால் துண்டுகளைத் தெருவிலிருந்து பொறுக்கிவிடுங்கள், பைக் வழுக்கும்.

எடிட்டிங்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் எடிட்டிங், கலர், ஒலி மூன்றையும் முடிக்கலாம். முதலில் எடுத்த எல்லாவற்றையும், ஷாட் தொடங்குமுன்னும் ‘கட்’ சொன்னபின்னும் உள்ள மிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். பேசுகிறவர் மேல் படத்தை வைப்பதைவிடக் கேட்கிறவர் மேல் வையுங்கள். ஒப்பித்தது போலிருக்கும் வசனம் கேட்கிறவர் முகத்தின் மேல் வந்தால் பாதி தப்பித்துவிடும். எந்த வசனத்தை நீக்கினாலும் கதை புரிகிறதோ அதை நீக்கிவிடுங்கள். நம் கதையில் அம்மா “என்னது கையில?” என்று கேட்பதும் இஸ்திரிக்காரர் பெட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவதும் போதும் என்றால், நடுவிலுள்ள ஆறு வரி யாருக்கு வேண்டும்?

நடிப்பு சரியில்லாத இடத்தில் வயலினை ஏற்றும் பழக்கம் உதவாது, பலவீனமான இடத்தை அது கோடு போட்டுக் காட்டும். இசை வேண்டுமென்றால் கல்லூரியில் வாசிக்கத் தெரிந்த நண்பரிடம் கேளுங்கள். சினிமாப் பாட்டைத் தொட்டால் யூடியூபே கண்டுபிடித்துவிடும். பாரதியார் வரிகள் எல்லாருக்கும் பொது, தாராளமாகப் பாடலாம். ஆனால் ஏதோ படத்தில் யாரோ மெட்டமைத்துப் பாடிய பதிவு பொதுவல்ல.

வெளியே அனுப்புவது

எங்கே போகப்போகிறது என்பதை யூடியூபில் ஏற்றுமுன் முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே இணையத்தில் வந்த படங்களைச் சில விழாக்கள் எடுப்பதில்லை, விதிமுறையைப் படித்துவிட்டு அனுப்புங்கள். கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவும், மும்பையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மிஃப் (மும்பை சர்வதேசத் திரைப்பட விழா) விழாவும் மாணவர்கள் கட்டாயம் பார்த்து வைக்க வேண்டியவை. ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் அனுப்பாதீர்கள். அதை வசனத்துக்கு வசனம் மொழிபெயர்க்காமல், படிக்க நேரம் கிடைக்கும் அளவுக்குச் சுருக்கி எழுதுங்கள்.

நடித்தவர்களுக்கு முதலில் காட்டுங்கள், இணையத்தில் வருவதற்கு முன்னால். யாருக்காவது ஏதாவது உறுத்தினால் அப்போது சொல்ல முடியும். அவர்களுக்குக் காப்பி கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கிக் கலங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீட்டு டிவியில் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஃபுல் எச்டி அளவில், பெரும்பாலான டிவிகள் படிக்கும் எச்.264 எம்பி4 கோப்பாக ஒரு பென் டிரைவில் கொடுங்கள். 4கே கோப்பு பல பழைய டிவிகளில் ஓடாது.